முப்பத்தஞ்சு வரலியா?

மார்ச் 3, வியாழன்

சி-17 பறந்துவிட்டது.

பெட்டியோடு வந்த வழிகாட்டித் தாளில் அதற்கு அந்த எண். இழுவைக் கொக்கி. அரிசி அளவுதான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் ட்வீசரால் பிடித்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆபீசுக்கு நேரமாகும்வரை கட்டிலுக்கு அடியில் டார்ச்சோடு படுத்துத் தேடினேன். கிடைத்தவை: ஒரு ஊக்கு, ஒரு கடிகார பேட்டரி, நிறைய முடி. எல்லா முடியும் என்னுடையதுதான். இந்த அறைக்கு வேறு யார் வருகிறார்கள்?

செய்துகொண்டிருப்பது ஒரு சாண் நீள மீட்பு வண்டி. பழுதாகி நிற்கும் டாங்கிகளைக் கட்டி இழுத்து வருவதுதான் அதன் வேலை. சுடுவதற்குக் குழல் கிடையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது கொக்கியும் கிடையாது.

ஆபீசில், கதவு நசுங்கிய ஒரு காரின் சேத அறிக்கையில் "இழுவைக் கொக்கி காணவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மேலாளர் என் மேசைக்கே வந்து, "இந்தக் காருக்கு ஏதும்மா கொக்கி?" என்று கேட்டார். இந்த வருடத்தில் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

மார்ச் 6, ஞாயிறு

கொக்கி தொலைந்ததைக் குழுவில் போட்டேன். போனில் இருக்கும் குழு. சின்ன அளவில் ராணுவ வண்டி செய்கிறவர்கள் நாற்பது பேர். யாருக்கும் நிஜப் பெயர் கிடையாது. நான் "முப்பத்தஞ்சு". நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான் நாங்கள் செய்யும் அளவு, அதனால் வைத்துக்கொண்டேன். வயது என்று நினைத்துவிட்டார்கள். சேர்ந்த அன்றே ஒருவர், "வாங்க முப்பத்தஞ்சு அண்ணே" என்றார். நாற்பத்தொரு வயதுக்காரரான பல்செட், "எனக்கு ஆறு வயசு சின்னவரு, நான் தம்பின்னே கூப்பிடறேன்" என்றார்.

எனக்கு இருபத்தைந்து. தம்பியும் இல்லை.

ஆனால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஒட்டினேன், தேய்த்தேன், பெயின்ட் அடித்தேன் என்று தமிழில் எவ்வளவு எழுதினாலும், எழுதுவது ஆணா பெண்ணா என்று அந்த வாக்கியம் காட்டிக்கொடுப்பதில்லை. "நீங்க" என்று கூப்பிட்டாலும் அப்படித்தான். ஒன்றரை வருடம் அதற்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறேன். முதல் நாளே திருத்தியிருக்கலாம். இரண்டாம் நாளும் திருத்தியிருக்கலாம். இப்போது எப்படி?

பல்செட்டுக்கு, பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேபில் வேலை. பெயர் அங்கிருந்து வந்தது. எழுத மாட்டார், பேசி அனுப்புவார். பின்னால் எப்போதும் ஒரு குடைச்சல் சத்தம். "ஒருத்தரோட கடவாப்பல்லத் தேய்ச்சுக்கிட்டே பேசறேன் தம்பி, மன்னிச்சிருங்க. சி-17 தானே? அது பறக்காத வீடே இல்ல. கொக்கி உட்கார்ற இடத்தை அளந்து அனுப்புங்க. பல்லே செய்யறேன், கொக்கி செய்ய மாட்டேனா?"

அந்தக் குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். தகவலுக்காக ஒரு முறை. மற்ற இரண்டும் சும்மா.

மார்ச் 13, ஞாயிறு

காலையில் அம்மா போன்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"வேலை எப்டி?"

"நல்லாருக்கு."

"இங்க எல்லாரும் கேக்கறாங்க, உம் பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு. கம்ப்யூட்டர்ல கார் பாக்கறான்னு சொன்னேன். அதைப் பாக்கறதுக்கா அவ்ளோ படிச்சான்னு ஒருத்தி கேக்கறா."

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம் இருக்கும் போல.

அடிபட்ட வண்டிகளின் படங்களைப் பார்த்து எங்கே நசுங்கல், எங்கே கீறல், எது புதுசு, எது பழசு என்று எழுதுவது என் வேலை. இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக. ஒரு நாளைக்கு அறுபது வண்டி. சக்கரத்துக்கு மேல் சேறு எப்படித் தெறிக்கும், கதவுப்பிடிக்குக் கீழே விரல் நகம் பட்டு எப்படித் தேயும் என்று எனக்குத் தெரிந்த அளவு இந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது. "உங்க சேறு மட்டும் நெஜமா இருக்கே, எப்டிண்ணே?" என்று கேட்பார்கள். சொல்ல மாட்டேன்.

மார்ச் 20, ஞாயிறு

அளவுகளை அனுப்பினேன். அகலம் இரண்டரை மில்லிமீட்டர், துளை ஒன்று. பல்செட்: "அட, எறும்புக்குப் பல் கட்டற மாதிரி இருக்கே தம்பி."

கூடவே இன்னொரு செய்தி. ஏப்ரல் பத்தாம் தேதி குழுவின் கண்காட்சி. இந்த ஊரிலேயே, நூலக மாடி அறையில். "கொக்கியை நேர்லயே குடுத்துடறேன். ஒன்றரை வருசமாச்சு, உங்க மூஞ்சியப் பாக்கணும்ல?"

பார்க்கிறேன் என்று எழுதினேன். வருகிறேன் என்று எழுதவில்லை.

மார்ச் 24, வியாழன்

வீட்டுக்காரம்மா படியில் நிறுத்தினார். "மேல என்னம்மா எப்பப் பாத்தாலும் பெயின்ட் வாசனை? சுவத்துல ஏதாவது பண்றியா?"

"இல்லைங்க. நகத்துக்கு."

என் நகங்களைப் பார்த்தார். ராணுவப் பச்சை. இறங்கிப் போனார்.

நகத்துக்கு. எதற்கெடுத்தாலும் என் வாய்க்கு முதலில் வருவது ஒரு சின்னப் பொய். இந்த வண்டிப் பைத்தியமே இந்த அறையில்தான் தொடங்கியது. எனக்கு முன்னால் இருந்தவர் பரணில் பாதி ஒட்டிய லாரி ஒன்றை விட்டுப்போயிருந்தார். தூக்கிப் போட எடுத்தேன். ஒரு சக்கரம் ஒட்டாமல் கிடந்தது, அதை ஒட்டினேன். வந்து இரண்டு வாரம், யாரோடும் பேசியிருக்கவில்லை. அன்றைக்கு முதல் தடவை மணி பார்க்க மறந்தேன்.

ஏப்ரல் 3, ஞாயிறு

சேறு முடிந்தது. பல்செட் சொன்னபடி பல் அச்சு எடுக்கும் மாவையும் பழுப்பு பெயின்ட்டையும் குழைத்து, பழைய டூத்பிரஷால் தெறித்தேன். இழுவைக் கம்பிக்கு, செத்துப்போன இயர்போன் வயரை உரித்து முறுக்கினேன். ஏறி இறங்கும் படியில் பெயின்ட்டைத் தேய்த்து உலோக நிறம் காட்டினேன். இடது பக்கம் மட்டும். ஓட்டுநர் அந்தப் பக்கமாகத்தான் ஏறுவார்.

பெயின்ட் ஒற்றி எடுக்க வெட்டியதில், பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜில் ஒரு மூலை போச்சு.

அழகாக இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கண்ணாடியைப் பார்த்து "நல்லாருக்கு" என்றேன். குரல் கரகரத்தது. வெள்ளி சாயங்காலத்துக்குப் பிறகு வாய் திறந்ததே இப்போதுதான்.

ஏப்ரல் 9, சனி

போகிறேன். சொல்லிவிடுகிறேன். "நான்தான் முப்பத்தஞ்சு." இரண்டே சொல். இருபது தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

ஏப்ரல் 10, ஞாயிறு

வண்டியை ஷூ டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்து, நீலப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பையின் ஜிப் போய் இரண்டு மாதம், ஊக்குதான் குத்தியிருக்கிறேன்.

மாடி அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இருபது பேர், எல்லாரும் ஆண்கள். நான் வெளியிலேயே நின்றேன். பட்டம் வாங்கிய அன்று அப்பா இப்படித்தான் அரங்கத்துக்கு வெளியே நின்றார். "உள்ள கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்மா" என்றார் பிறகு. கையில் அழைப்பிதழ் இருந்தது. மூட்டை தூக்கும் கைகளில் அது கசங்காமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் மேடை ஏறியதை அவர் பார்க்கவேயில்லை. அப்போது அவர்மேல் கோபம் வந்தது. இன்று நானும் பத்து நிமிடம் நின்றேன்.

கடைசியில் ஒருவர் பார்த்து, "யாரும்மா, யாரைப் பாக்கணும்?" என்றார்.

"முப்பத்தஞ்சு" என்றேன்.

"முப்பத்தஞ்சா? நாங்களும் அவருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். டேய், முப்பத்தஞ்சு வீட்டுலேருந்து வந்திருக்காங்கப்பா. முப்பத்தஞ்சு வரலியாம்மா?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்த குரலை, குடைச்சல் சத்தம் இல்லாவிட்டாலும், உடனே அடையாளம் தெரிந்தது. பல்செட், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குள்ளம், வழுக்கை, சட்டைப்பையில் ட்வீசர். "தம்பி வரலியா? நீங்க தங்கச்சியா?"

நான் என்ன சொன்னேன்?

"ஆமா" என்று சொன்னேன். ஆமா. வரல. உடம்பு சரியில்ல. காய்ச்சல். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னேன். யாராவது என் வாயைப் பொத்தியிருக்கக் கூடாதா?

அவர் முகம் விழுந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டியை மேசையில் வைத்தார்கள். முன்னால் அட்டை: "மீட்பு வண்டி. செய்தவர்: முப்பத்தஞ்சு." செய்தவர். அதிலும் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. அட்டை பொய் சொல்லவில்லை, நான்தான். எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "சேத்தைப் பாருய்யா." "மனுசன் கையில என்னவோ இருக்கு." என் வாழ்க்கையில் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதை ஒரே இடத்தில் கேட்டதில்லை. இரண்டடி தள்ளி நின்று, தங்கையாகக் கேட்டேன்.

ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கப் போனார். "அடியில பிடிங்க" என்று கத்திவிட்டேன். "அந்தக் கைப்பிடி நேத்துதான் ஒட்டினது. இன்னும் இறுகல."

பல்செட் என்னைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். பையைப் பிடிப்பதுபோல நகத்தை மறைத்தேன்.

"பை ஜிப் போயிருச்சு போல" என்றார்.

அவர் மனைவி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி என் முன்னால் வைத்தார். "உக்காரும்மா. இவங்களுக்கு வண்டியைப் பாத்தா மனுசங்க கண்ணுக்குத் தெரியாது." பல்செட் ஒரு மாத்திரை டப்பாவை நீட்டினார். "தம்பிகிட்ட குடுத்துருங்க. பல்செட்டுல ஈறுக்குப் போடற சாமான்லதான் செஞ்சேன், அதான் இந்தக் கலரு. பெயின்ட் அடிச்சா தெரியாது."

ரோஸ் நிறக் கொக்கி. துளை ஒரு மில்லிமீட்டர்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். பஸ் நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்தது.

ஏப்ரல் 11, திங்கள்

ரெண்டு சொல். ரெண்டே ரெண்டு சொல். என்னால முடியல.

ஏப்ரல் 14, வியாழன்

பல்செட்: "காய்ச்சல் எப்டி தம்பி? பெயின்ட் வாசனை ஆகாது, ஜன்னலைத் திறந்து வைங்க."

குழுவில் பதினோரு பேர் நலம் விசாரித்திருக்கிறார்கள். இல்லாத ஆளுக்கு வராத காய்ச்சல், அதற்குக் கஷாயக் குறிப்பு வேறு. போன மாதம் எனக்கு நிஜமாகவே மூன்று நாள் காய்ச்சல். யாருக்கும் தெரியாது.

"பரவாயில்லை" என்று எழுதினேன். ஒன்றரை வருடமாகத் தமிழ்தான் என்னை மறைத்தது. இப்போது முழுப் பொய்யையும் நானே தூக்குகிறேன்.

ஏப்ரல் 23, சனி

கொக்கியை ஒட்டிவிட்டேன். அச்சாகப் பொருந்துகிறது. பெயின்ட் அடிக்க முடியவில்லை. இரண்டு முறை பிரஷை நனைத்துத் துடைத்துவிட்டேன். பச்சை வண்டிக்குப் பின்னால் ஈறு நிறத்தில் ஒரு கொக்கி.

குழுவில் எழுதுவதை நிறுத்தி ஐந்து நாள். பல்செட் இரண்டு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை என்று காட்டும் நீல வட்டம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

மே 1, ஞாயிறு

எழுதி அழித்தவை:

"பல்செட் அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்."

"அன்றைக்கு வந்தது என் தங்கை இல்லை." (பிறகு யார்? அடுத்த வரி வரவில்லை.)

"மன்னிக்கவும்." இதை மட்டும் பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னால் என்ன ஆகும்? கோபப்படலாம். சிரிக்கலாம். எல்லாவற்றையும் விட மோசமானது: மரியாதையாகிவிடலாம். "அப்படிங்களாம்மா, சரிங்கம்மா" என்று. எறும்புக்குப் பல் கட்டுவதைப் பற்றி யாரிடமும் அதன் பிறகு பேச முடியாது.

சொல்லாவிட்டாலும் முடியவில்லையே. இதோ, நாளெல்லாம் யாரோடும் பேசாமல்தான் இருக்கிறேன்.

நீல வட்டத்தை அழுத்தினேன். முதல் செய்தி, ஏதோ ஒரு பசையைப் பற்றி. இரண்டாவது சின்னது: "ஒண்ணும் இல்ல. சும்மா. இருக்கீங்களான்னு பாத்தேன்."

தம்பி என்று சொல்லவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்டேன். இரண்டு செய்தியிலும் ஒரு இடத்தில்கூட இல்லை.

மே 8, ஞாயிறு

வண்டியோடு மூன்று ஆள் பொம்மைகள் வந்திருந்தன. பெட்டியிலேயே கிடந்தன. ஆள் வைத்துச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. என் வண்டிகள் எல்லாம் காலியாகத்தான் நிற்கும். பல்செட் ஒரு தடவை கேட்டார், "எல்லாரும் எங்க எறங்கிப் போயிட்டாங்க?"

இன்று ஓட்டுநர் பொம்மையை அதன் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தேன்.

என் உயரம் நூற்றைம்பத்தேழு. முப்பத்தைந்தால் வகுத்தால் நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பொம்மை ஐந்து இருந்தது. முழங்காலுக்குக் கீழே அறுத்துக் குறைத்தேன். மீசையை உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு நிமிட வேலை.

மே 15, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எங்காவது தொடங்க வேண்டும்.

"அம்மா, நான் ஓய்வா இருக்கப்ப வண்டி செய்யறேன்."

"ஓட்டறதுக்கா?"

"இல்லம்மா. சின்னது. ஒரு சாண்."

பக்கத்தில் யாரிடமோ: "ஏங்க, இவ வண்டி செய்யறாளாம், ஒரு சாணு." அப்பாவின் குரல் தூரத்தில்: "சக்கரம் சுத்துமான்னு கேளு."

"சுத்தும்னு சொல்லும்மா."

"சுத்துமாங்க." அப்புறம் என்னிடம், "சரி. சாப்டியா?"

அவ்வளவுதான். வீடு இடிந்து விழவில்லை.

மே 22, ஞாயிறு

பிசைந்து வைக்கும் புட்டிப் பசையில் கூந்தல். ஒற்றைப் பின்னல், ஊசி முனையால் கீறியது. மெல்லிய கம்பியில், என்னுடையது போலவே ஒரு மூக்குக்கண்ணாடி. மூன்று தடவை உடைந்தது, நாலாவது நின்றது. தோளில் ஒரு பை, நீலம். பை வாயில் வெள்ளிப் புள்ளி ஒன்று. அதுதான் ஊக்கு. அந்தப் புள்ளி வைக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டிக்குள் உட்கார வைக்கவில்லை. இடது பக்கப் படியில், தேய்ந்த இடத்தில் ஒரு கால் வைத்து நிற்கிறாள். ஏறுகிறாளா இறங்குகிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

நகத்துக்குப் பச்சை வைத்தேன். யார் கண்ணுக்கும் தெரியாது. இருக்கட்டும்.

மே 29, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் ஓரம் வைத்து நாலு படம் எடுத்தேன். பின்பக்கப் படத்தில் ரோஸ் கொக்கி அப்படியே தெரிகிறது. குழுவில் போட்டேன். கீழே ஒரே வரி: "மீட்பு வண்டி, ஓட்டுநரோடு."

போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

பத்தரைக்குப் பார்த்தேன். பலரும் பார்த்திருந்தார்கள். ஒருவர்: "பொம்மை சூப்பர்ண்ணே, லேடி டிரைவரா?" இன்னொருவர்: "கொக்கிக்கு பெயின்ட் அடிக்க மறந்துட்டீங்க." பல்செட்டிடமிருந்து ஒன்றுமில்லை. பார்த்ததற்கு அடையாளம் மட்டும் இருந்தது.

பன்னிரண்டுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. குழுவில் இல்லை, எனக்கு மட்டும். குடைச்சல் சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

"வண்டி பிரமாதம். டிரைவருக்கு ஒரு சேதி சொல்லணும். அன்னிக்கு ஊத்தின டீ அப்படியே ஆறிக் கெடந்துச்சுன்னு எங்க வீட்ல இன்னும் சொல்லிக் காட்டறாங்க. ஒன்றரை மாசமா நான்தான் ஏச்சு வாங்கறேன். அடுத்த ஞாயிறு நாலஞ்சு பேரு எங்க லேபுக்கு வர்றாங்க, சும்மா உக்காந்து ஒட்டறதுக்கு. வந்து குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க." பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம். "ஊக்கைப் பாத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்தக் கொக்கிக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிராதீங்க."

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. அந்த ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்தேன். இரண்டு தடவை விரலை எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவை சொன்னேன்:

"வரேண்ணே."

ஒரு நொடி செய்தி. போய்விட்டது.

ஜூன் 5, ஞாயிறு

லேப் வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். பத்து இல்லை, ஒன்று.

மேசை முழுக்க யார் யாருடையதோ பல். நடுவில் இடம் ஒதுக்கி ஐந்து பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வண்டியைப் பக்கவாட்டில் தூக்கப் போனவர்தான் முதலில் பேசினார்: "வாங்க முப்பத்தஞ்சு. காய்ச்சல்ல பத்து வயசு கொறைஞ்சுட்டீங்களே." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் அவர் ஒரு டாங்கியின் சங்கிலிப் பட்டையை நீட்டி, இந்த இடத்தில் சேறு உண்மையில் எப்படி ஒட்டும் என்று கேட்டார். சொன்னேன். ஒரு நாளைக்கு அறுபது வண்டி பார்ப்பதையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினேன் போல, தொண்டை வலிக்கிறது.

டீயில் சர்க்கரை அதிகம். இரண்டு கப் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா போன்.

"சாப்டியா?"

"டீ குடிச்சேன்மா."

"தனியாவா?"

"இல்ல."